ஒரு மாடிப்படிக்கு நாற்பத்தைந்து நிமிடம்

சபாநாதன் அண்ணை காலமான செய்தி வந்தபோது நான் வேலை முடிந்து ரயிலுக்காக நின்றுகொண்டிருந்தேன். அவருடைய மனைவி பரமேஸ் அக்காதான் அழைத்தார். அழவில்லை. “பிள்ளை, ரெண்டு மணிக்கு முடிஞ்சுது. நோவில்லாமல் போட்டார்,” என்றார். நான் அப்படியே மேடை வாங்கில் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு முதலில் வாயில் வந்தது “அப்பாடா” என்பதுதான். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் ஐந்து மாதமாக அந்த மனிதர் புற்றுநோயோடு பட்ட பாட்டைப் பார்த்தவர்கள் என்னைக் கோபிக்கமாட்டார்கள். அழுகை பிறகு, ரயிலுக்குள் வந்தது. பக்கத்தில் இருந்த நோர்வேக்காரப் பெண் கடதாசிக் கைக்குட்டை தந்தார்.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு என்னைத்தான் எழுதச் சொன்னார் பரமேஸ் அக்கா. “மற்ற எல்லாரும் அவரைப் புகழ்ந்துதான் எழுதுவினம். அவரோடை சண்டை பிடிச்ச ஆள் நீர் ஒராள்தான். அதாலை நீர் எழுதும்,” என்றார். அது உண்மை. அந்தச் சண்டையை எழுதாமல் அவரைப்பற்றி எழுதவும் முடியாது.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். அண்ணை யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது அரச செயலகத்தில், எழுதுவினைஞராக இருந்தவர். எண்பதுகளின் கடைசியில் நோர்வேக்கு வந்தார். ஒஸ்லோவின் புருசெத்தில், ஒரு தொடர்மாடியில், நாங்கள் ஏறி இறங்கும் அதே மாடிப்படியில், எங்களுக்கு நேர் கீழே மூன்றாம் மாடியில் அவர் வீடு. நகர நடுவில் ஓர் அரச கந்தோரில் கோப்புகள் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். வெள்ளைச் சட்டை, கறுப்புக் கைப்பெட்டி, அளந்து வைக்கும் நடை. பார்த்தால் யாருக்கும் வேறொன்றும் கேட்கத் தோன்றாது. புருசெத்தில் எந்தத் தமிழ் வீட்டுக்கு எந்தக் கடிதம் வந்தாலும் அது அவருடைய சாப்பாட்டு மேசைக்குப் போகும். வரிக் கடிதம், பள்ளிக்கூடக் கடிதம், வங்கிக் கடிதம். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு, “இதுக்குள்ளை என்ன கிடக்கெண்டு முதலிலை பாப்பம். பேந்து பயப்படுவம்,” என்பார்.

நான் அவரிடம் கொண்டுபோன முதல் கடிதம் இரண்டாயிரத்து ஐந்தில். அப்போதுதான் வீடு வாங்கியிருந்தோம். இனிமேல் வாடகை இல்லை என்று தொலைபேசி அட்டை தீரும்வரை ஊருக்கெல்லாம் சொல்லி முடித்திருந்தேன். அடுத்த மாதமே ‘பொதுச்செலவு’ என்று ஒரு பில் வந்து நின்றது. எனக்கு வந்த கோபம்! ஏமாற்றிப்போட்டாங்கள் என்று கத்திக்கொண்டே கீழே இறங்கினேன்.

அண்ணை ஒரு பென்சிலை எடுத்தார். “பிள்ளை, உங்கடை பேரிலை இருக்கிறது ஒரு பங்கு. இந்தத் தொடர்மாடி முழுக்க ஒரு கூட்டுறவு. போரெட்ஸ்லாக் எண்டு சொல்லுறது இதைத்தான். கட்டிடத்துக்கு எடுத்த கடன், காப்புறுதி, தண்ணி, குப்பை, சூடு, பராமரிக்கிற ஆளின்ரை சம்பளம், எல்லாத்தையும் நிர்வாகக் குழு வருசத்துக்கு ஒருக்காக் கூட்டும். வாற தொகையை வீட்டின்ரை அளவுக்குத் தக்கபடி பிரிக்கும். அதுதான் பொதுச்செலவு.”

“அப்ப வீட்டை வாங்கிப்போட்டும் வாடகையோ அண்ணை?”

“ஓம். ஆனா இதை ஏன் கூட்டினீங்கள், எப்பிடிக் கூட்டினீங்கள் எண்டு கேக்க உங்களுக்கு உரிமை கிடக்கு. வாடகைக்கு இருக்கிறவனுக்கு அது இல்லை.”

இரண்டு வருடம் எப்படியோ ஓடியது. இரண்டாயிரத்து ஏழில் வட்டி ஏறத் தொடங்கியது. அந்த நேரம் பார்த்து என் கணவர், சரக்கு ஏற்றும் வேலையில் முதுகை முறித்துக்கொண்டு வீட்டில் படுத்தார். அதற்குமேல் நிர்வாகக் குழுவிலிருந்து ஒரு கடிதம். அதுவரை மாடிப்படியை நாங்களே முறை வைத்துக் கழுவுவோம். யாருடைய முறையோ, அந்த வாரம் அவர்கள் கதவில் ஒரு சின்னப் பலகை தொங்கும். அந்தப் பலகையால் வந்த சண்டைகள் கொஞ்சநஞ்சமில்லை. “தமிழ் வீடுகள் ஒழுங்காகக் கழுவுவதில்லை” என்று முதலாம் மாடிக் கிழவி பியோர்க் எழுதாத முறைப்பாடு இல்லை. பாதி முறைப்பாடு என்னைப்பற்றியது. சொல்லப்போனால் அதில் பொய்யும் இல்லை. ஆகவே இனிமேல் ஒரு நிறுவனம் வந்து கழுவும், அந்தச் செலவும் பொதுச்செலவில் சேரும், வருடாந்தக் கூட்டத்தில் கணக்கு முடிவாகும் என்று கடிதம் சொன்னது. வட்டியும் அதுவும் சேர்ந்தால் எங்களால் கட்ட வழியே இல்லை. வீட்டை விற்றுவிட்டு லில்லெஸ்ட்ரோம் பக்கம் ஒரு நிலக்கீழ் அறைக்குப் போவோம் என்று இவர் முடிவே கட்டிவிட்டார். பிள்ளைகளுக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கடிதத்தோடு அண்ணையிடம் போனேன். அவர் வழக்கம்போல முழுவதும் வாசித்தார். கடைசிப் பக்கத்தில் நிறுவனத்தின் கணக்கு இருந்தது. மாடிப்படி ஒன்றுக்கு வாரம் இரண்டேகால் மணித்தியாலம். அவருடைய விரல் அந்த இடத்தில் நின்றுவிட்டது.

“இது பிழை.”

“என்ன பிழை அண்ணை?”

“நாலு மாடிப் படிக்கு முக்கால் மணித்தியாலம் காணும். இவங்கள் மூண்டு மடங்கு போட்டிருக்கிறாங்கள்.”

“உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

அவர் கடிதத்தை நாலாக மடித்தார். “தெரியும்.”

“அப்ப கூட்டத்திலை எழும்பிச் சொல்லுங்கோவன்!”

“அது மட்டும் ஏலாது, பிள்ளை.”

எவ்வளவு கெஞ்சியும் அவர் அசையவில்லை. எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. வெளியே வந்து நாலு மாடிக்கும் கேட்கத்தக்கதாகக் கத்தினேன். “கந்தோரிலை குந்தியிருக்கிற பெரிய மனுசனுக்கு எங்கடை வீடு போனால் என்ன, இருந்தால் என்ன!” அவர் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். அதற்குப் பிறகு ஒன்பது நாள் நான் அவர் முகத்தையே பார்க்கவில்லை. படியில் எதிர்ப்பட்டாலும் சுவரைப் பார்த்துக்கொண்டு ஏறினேன்.

கூட்டம் சித்திரை மாதம், பள்ளிக்கூட விளையாட்டு மண்டபத்தில். வழக்கமாகத் தமிழர்கள் இந்தக் கூட்டங்களுக்குப் போவதில்லை. இந்தமுறை கடிதம் பயமுறுத்தியதால் எல்லாரும் வந்து ஒரு பக்கமாக உட்கார்ந்திருந்தோம். தலைவர் கணக்கை வாசித்தார். குறைக்க முடியாதா என்று யாரோ கேட்டார்கள். “இது நிறுவனம் தந்த நேரக் கணக்கு. இதைவிட நன்றாகத் தெரிந்தவர் நம்மிடையே யார் இருக்கிறார்?” என்றார் தலைவர். அவர் குத்தலாகச் சொல்லவில்லை, உண்மையாகவே கேட்டார்.

சபாநாதன் அண்ணை எழுந்தார். முன்கதிரையின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். தமக்குத் தெரிந்த நோர்வேஜிய மொழியில் மெதுவாக, “மாடிப்படி ஒன்றுக்கு நாற்பத்தைந்து நிமிடம் போதும்,” என்றார்.

“உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று தலைவர் கேட்டார்.

அண்ணை எங்கள் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அவரோடு கோயில் பூசைக் குழுவில் இருந்தவர்கள், அவரிடம் கடிதம் கொண்டுபோனவர்கள், எல்லாரும் அங்கேதான் இருந்தோம்.

“நான் துப்புரவுத் தொழிலாளி. பதினாறு வருடமாக நகரத்தில் ஓர் அலுவலகத்தின் படிகளை நான்தான் கழுவுகிறேன். அது ஆறு மாடி. அதற்கு எனக்குத் தந்திருக்கும் நேரமே ஒரு மணித்தியாலமும் பத்து நிமிடமும்தான்.”

பக்கத்தில் இருந்தவள் என் தொடையில் நுள்ளினாள். நான் அவரிடம் எதைக் கேட்டிருந்தேன் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. வெட்கத்தில் என் காதெல்லாம் எரிந்தது.

திடீரென்று பியோர்க் எழுந்தார். எழுபது வயது, கையில் தடி. “பனிக்காலத்தில்? சறுக்காமல் இருக்க வெளியே போடும் சரளைக்கல் முழுக்கப் படிக்கு வந்துவிடுமே?”

அண்ணை அவர் பக்கம் திரும்பினார். அதற்குப் பிறகு அவர் குரலில் நடுக்கம் இல்லை. “முதலில் காய்ந்த தும்புத்தடியால் கூட்டி எடுக்க வேண்டும். ஈரத்துணியை முதலில் வைத்தால் வேலை இரட்டிப்பு. பனிக்காலத்துக்கு ஒரு மணித்தியாலம் போடுங்கள்.”

“சரியாகச் சொல்கிறார். நானும் அப்படித்தான் செய்வேன்,” என்ற பியோர்க், உட்காரும்போது என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் எப்போதும் ஈரத்துணியைத்தான் முதலில் வைப்பேன்.

கணக்கைத் திருப்பி அனுப்பக் கூட்டம் முடிவெடுத்தது. நிறுவனம் ஒரு வார்த்தை வாதாடாமல் நேரத்தைக் குறைத்தது. வட்டிக்காகப் பொதுச்செலவு கொஞ்சம் கூடத்தான் செய்தது. ஆனால் கட்டக்கூடிய அளவு. புதிய தொகையோடு கடிதம் வந்த அன்று தபால்பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்று மூன்று முறை வாசித்தேன். பிறகு மேலே ஓடி, இவருடைய நோகிற முதுகையும் மறந்து கட்டிப்பிடித்தேன். அவர் “ஐயோ” என்று அலறியதை இப்போதும் சொல்லிக்காட்டுவார்.

கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்ததுமே இவரிடம் கேட்டிருந்தேன், அண்ணையின் வேலை முன்பே தெரியுமா என்று.

“கந்தோர் எட்டு மணிக்கெல்லோ திறக்கிறது. விடிய முதல் ரயினிலை போறவன் எந்தக் கந்தோர்க்காரன்? அதிலை போற அரைவாசிப் பேர் எங்கடை ஆக்கள்தான். எல்லாருக்கும் தெரியும்.”

“பேந்தேன் ஒருத்தரும் வாய் திறக்கேல்லை?”

“திறந்தால் அவர் திருப்பிக் கேப்பாரெல்லோ, நீர் எங்கை போறீர் எண்டு.”

யாழ்ப்பாணத்தில் இருக்கும் என் தங்கைக்கு நான் முதியோர் இல்லத்தில் தாதி என்றுதான் சொல்லி வைத்திருந்தேன்.

மறுநாள் மன்னிப்புக் கேட்கப் போனேன். இனி யார் அந்த வீட்டுக்கு வருவார்கள் என்று நினைத்துக்கொண்டு இறங்கினால், வாசலில் ஐந்து சோடி சப்பாத்து. இரண்டு பேர் கடிதத்தோடு. மற்றவர்கள், அந்த அலுவலகத்தில் ஓய்வூதியத்தோடு நிரந்தர வேலை எடுக்க என்ன செய்யவேண்டும் என்று கேட்க வந்திருந்தார்கள்! அண்ணை என்னைப் பேசவே விடவில்லை. “மன்னிப்பும் மண்ணாங்கட்டியும். நீர் கத்தியிராட்டி நான் எழும்பியிருக்கமாட்டன். இரவு நான் கொண்ட நித்திரையைப் பாரும், மூச்சு இருக்கோ எண்டு பரமேஸ் தொட்டுப் பாத்தவ,” என்றார். உள்ளே பரமேஸ் அக்கா சிரித்தார். நானும் சிரித்தேன், கண்ணால் தண்ணீரும் வந்தது.

அடுத்த கூட்டத்தில் அவரை நிர்வாகக் குழுவுக்குத் தெரிவுசெய்தார்கள். முன்மொழிந்தவர் பியோர்க். பனி அள்ளும் ஒப்பந்தம், காப்புறுதி என்று ஒவ்வொன்றையும் வரி வரியாகப் பார்த்தார். செலவு எல்லாம் குறையவில்லை, சிலது கூடியது. “குறைக்கிறது என்ரை வேலையில்லை பிள்ளை. ஏன் இவ்வளவு எண்டு ஆரும் கேட்டால் ஒருத்தர் பதில் சொல்லவேணும்,” என்பார். நோய் வந்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதும், அறை துடைக்க வந்த பெண்ணைக் கண்ணாலேயே தொடர்ந்துவிட்டு என்னிடம் முணுமுணுத்தார்: “இந்தப் பிள்ளைக்கு அளவுக்கு மிஞ்சி அறை குடுத்திருக்கிறாங்கள். ஓடுறாள் பாரும்.”

அவர் போன அன்று மாலை, மரண அறிவித்தல் எழுதப் பேனையோடு நான்தான் உட்கார்ந்தேன். லண்டனிலிருந்து பரமேஸ் அக்காவின் தமையனார் தொலைபேசியில் சொல்லச் சொல்ல எழுதினேன். பிறந்த ஊர், வாழ்ந்த ஊர், பெற்றோர் பெயர். “கச்சேரி முன்னாள் எழுதுவினைஞர், நோர்வே அரச அலுவலக உத்தியோகத்தர்,” என்றார். என் கை நின்றது. பரமேஸ் அக்கா தொலைபேசியை வாங்கினார்.

“அண்ணை, அது வேண்டாம். அந்த மனுசன் அத்தினை பேருக்கு முன்னாலை எழும்பித் தன்ரை வாயாலை சொன்னது. செத்தாப் பிறகு நாங்கள் மறைக்கிறதோ?” பிறகு என்னைப் பார்த்து, “துப்புரவுத் தொழிலாளர் எண்டு எழுதும், பிள்ளை,” என்றார்.

எழுதினேன். தமிழ் வானொலியிலும் அப்படியே வாசித்தார்கள்.

அண்ணை, எங்கள் வீடு எங்களிடமே இருக்கிறது. உங்களுக்கு நோவும் தீர்ந்தது. நிம்மதியாகப் போய் வாருங்கள். இந்த மலர் யாழ்ப்பாணத்துக்கும் போகும், என் தங்கையும் வாசிப்பாள். எழுதியவரின் பெயருக்குக் கீழே தொழிலையும் போடவேண்டுமென்று பரமேஸ் அக்கா சொல்லியிருக்கிறார். போடுகிறேன்.

ஜெயராணி
முதியோர் இல்லச் சமையலறையில் சட்டி கழுவுபவர்
புருசெத், ஒஸ்லோ