சீனாவுக்கு மூன்று மாதம், அமெரிக்காவுக்கு ஒரு வருடம்

கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் மிளகு, வற்றல் கிடங்கில் குமாஸ்தாவாக இருக்கும் வெங்கிடராமன், முப்பத்தோரு வருடத்துக்கு முன்னால் பொருளாதாரம் படித்துத் தொலைத்தவர். அந்தப் பாவத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு தாள் எழுதியாக வேண்டும். இடப்பக்கம் அமெரிக்கா எவ்வளவு வளர்ந்தது, வலப்பக்கம் சீனா எவ்வளவு வளர்ந்தது. முதலாளி ஆனந்தகுமார் விருதுநகர்க்காரர். அந்தத் தாளைப் பார்த்துத்தான் அமெரிக்காவுக்கு மிளகு அனுப்புவதா, சீனாவுக்கு மிளகாய் வற்றல் அனுப்புவதா என்று முடிவு செய்வார். எனக்கு அதில் என்றைக்கும் நம்பிக்கை இல்லை. சொன்னால் யார் கேட்கிறார்கள்?

கடைசித் தாளில் அமெரிக்கா மூன்று சதவீதம், சீனா ஒன்று என்று இருந்தது.

"சைனா படுத்துருச்சு" என்றார் முதலாளி. வற்றல் வாங்குவதை நிறுத்தி, காம்பு கிள்ளும் பெண்கள் பன்னிரண்டு பேரையும் அன்றே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

மூன்றாவது வாரம், திருப்பூணித்துறையிலிருந்து பஸ்ஸில் வரும்போது பேப்பர் படித்த வெங்கிடராமனுக்குத் தன் தாளில் இருந்த தப்பு புரிந்தது. இதே வேகத்தில் போனால் வருடம் முழுக்க எவ்வளவு என்பதுதான் அமெரிக்கா சொல்லும் கணக்கு. சீனாவுக்கும் வழக்கமாக வருடக் கணக்கைத்தான் எடுப்பார். இந்த முறை அலுப்பில் பக்கத்து வரியை, வெறும் மூன்று மாத வளர்ச்சியை, எழுதிவிட்டார். ஒரே அளவில் வைத்தால் சீனா நாலைத் தாண்டி நிற்கிறது.

நேராக முதலாளியிடம் போனார். நானும் அங்கே இருந்தேன்.

"தப்புப் பண்ணிட்டேன். என்னைப் போகச் சொன்னாலும் சரி, அவாளைத் திரும்பக் கூப்பிடுங்கோ."

ஆனந்தகுமார் கோபப்படவே இல்லை. "சைனா ஆர்டர் வேற ஆளு கைக்குப் போயிருச்சு சாமி. இனி கூப்பிட்டு என்ன செய்ய? அடுத்த தாளையாவது பாத்து எழுதுங்க."

திட்டியிருந்தாலாவது மனிதருக்கு ஆறியிருக்கும். அன்று முழுக்க சாயாவைக்கூடத் தொடவில்லை.

சாயங்காலம் நாங்கள் இருவரும் பஸ் ஸ்டாப்புக்குப் போனபோது செல்வலட்சுமி நின்றிருந்தாள். அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருத்தி, தென்காசிக்காரி. தோப்பும்படியில் மீன் கம்பெனியில் வேலை கேட்டுவிட்டு நடந்தே வந்திருந்தாள்.

"சாமி, சைனா எப்ப எந்திரிக்கும்?"

"அதுக்கு ஒண்ணும் ஆகலைம்மா. நான்தான் தப்பா எழுதிட்டேன்."

கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"அப்ப நாளைக்கே வரட்டுமா சாமி? மத்தவங்ககிட்டயும் சொல்லிருதேன்."