பாய் கடையில் நான் போட்ட சத்தம்

அன்று நான் பேசியதை நினைத்தால் இன்றும் என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

உத்திரமேரூரில் கல்யாணப் பத்திரிகை வடிவமைக்கும் செல்வியின் பழைய மென்பொருள், நான் அமைத்துக் கொடுத்த விர்ச்சுவல் மெஷினில், அதாவது கணினிக்குள் ஓடும் இன்னொரு கணினியில், இயங்கி வந்தது. அவருக்காகப் புது லேப்டாப் வாங்க நான் மட்டும் போனேன்.

"சார், இதுல ஏஆர்எம்னு வேற வகை சிப்பு. பழைய சாஃப்ட்வேர் ஓடாது" என்றார் கடைக்காரர் பாய்.

"விர்ச்சுவல் மெஷின்ல எல்லாம் ஓடும். எனக்கே சொல்றீங்களா?" என்று அவர் வாயை அடைத்து, செல்வியின் பழைய கணினியை எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிட்டு வந்தேன்.

முன்பே நகலெடுத்து வைத்திருந்த பழைய விர்ச்சுவல் மெஷினை அப்படியே புது லேப்டாப்பில் போட்டேன். கிளம்பவில்லை. அது வேறு வகை சிப்புக்காக உருவானது. புதுச் சிப்பை அந்தப் பழைய சிப்பைப் போல நடிக்க வைத்தும் பார்த்தேன். ஓர் எழுத்து திரையில் விழுவதற்குள் டீ ஆறிவிட்டது.

மறுநாள் இரண்டு கல்யாண வீட்டார் பத்திரிகை கேட்டு செல்வியின் கடையில் நின்றார்கள். அவரையும் கூட்டிக்கொண்டு பாயிடம் போனேன்.

"இன்னா பாய், ஓடாத மெஷின தலையில கட்டிட்டு குந்திக்கினு கீறியா?" என்று கத்தினேன்.

கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பாய் குனிந்து, மேசைக்கு அடியிலிருந்து செல்வியின் கணினியை எடுத்துத் துடைத்தார்.

"விக்காம வெச்சிக்கினு இருந்தேம்மா. லேப்டாப்ப குடுத்துட்டு இத எடுத்துக்கினு போ."

அவர் எச்சரித்ததையும் அதற்கு நான் சொன்னதையும் அவர் செல்வியிடம் சொல்லவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை.

"அண்ணன் சத்தம் போடலைன்னா பாய் ஏமாத்தியிருப்பாரு" என்று செல்வி இன்னும் எல்லோரிடமும் சொல்கிறார். நான் ஒருநாளும் மறுத்ததில்லை.

இந்தக் கட்டுரையை, அதே கணினியில் தட்டச்சு செய்ய, செல்வியிடமே கொடுத்திருக்கிறேன்.