இருபத்தொரு நாள் கட்டு

எனக்குக் கால் சுளுக்கியபோது யாரும் வண்டி பூட்டவில்லை. புளியையும் உப்பையும் கரைத்துக் கொதிக்கவைத்து, நானே பற்றுப் போட்டுக்கொண்டு மறுநாள் களையெடுக்கப் போனேன். என் கொழுந்தன் பெண்டாட்டி வரப்பில் கால் மடங்கி விழுந்ததும், எலும்பு கட்டும் வைத்தியர் பாயை அழைத்துவரப் பூந்தமல்லிக்கே வண்டி போயிற்று. காட்டுப்பாக்கத்திலிருந்து வாழ வந்து ஒரு வருஷம்கூட ஆகாதவள் அவள். திருமுல்லைவாயிலில் அந்த வீட்டுக்குப் பத்து வருஷமாக மாடாய் உழைத்தவள் நான். வயிறு எரியாதா?

பாய் அவள் பாதத்தை மடியில் வைத்து, கட்டைவிரலால் கணுக்காலைச் சுற்றி அழுத்திப் பார்த்தார். கொழுந்தன் முட்டை வாங்க ஓடியிருந்தான். அவள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். அதனால் அவர் சொன்னதெல்லாம் உளுந்து மாவோடு நின்ற என் காதில்தான் விழுந்தது.

"எலும்பு நல்லாத்தான் கீதும்மா. மேல ரெண்டு எலும்பு இடுக்கி மாதிரி கவ்விக்கினு கீது, நடுவுல பாதத்து எலும்பு. அத்த இழுத்துப் புடிக்கிறது நாருதான். உள்பக்கம் அகலமா, கெட்டியா கீது, லேசுல அறாது. வெளிப்பக்கம் முன்னால ஒண்ணு, கீழ ஒண்ணு, பின்னால ஒண்ணு. பாதம் உள்ள மடங்குச்சின்னா முன்னால கீறதுதான் மொதல்ல பிஞ்சிக்கும்."

முட்டை வெள்ளைக்கருவில் மாவைக் குழைத்துத் தடவி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். கொழுந்தன் வண்டி பூட்டப் போனதும், வாசல்வரை போனவர் என்னிடம் திரும்பினார். "பத்து நாள்ல வீக்கம் வத்திடும், வலியும் போய்டும். அத்த நம்பாதீங்க. உள்ள நாரு ஒட்டியிருக்காது. இருபத்தோரு நாள் கட்ட அவுக்கக் கூடாது."

தலையாட்டினேன். உள்ளே போனதும் அவள் கேட்டாள், "இந்தக் கட்டு எத்தினி நாளுக்கு, அக்கா?"

"வலி போற வரைக்கும்தான்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கு அப்போதே தெரியும்.

கொழுந்தன் அவளைக் கொல்லைக்கும் கூடத்துக்கும் தூக்கிக்கொண்டு நடந்தான். பெரியவர்கள் இருக்கிறார்களே என்ற கூச்சம்கூடக் கிடையாது. அவள் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு சிரிப்பாள். என் புருஷன் ஆவடியில் பட்டாளத்துக்கு ஷெட் போடும் வேலைக்குப் போய்வந்து, தட்டைப் பார்த்துச் சாப்பிட்டு, சுவரைப் பார்த்துப் படுப்பார். எனக்குக் கணுக்கால் என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியுமோ என்னவோ. அவள் வேலையும் என் தலையில்தான் விழுந்தது.

பதினோராம் நாள், கொழுந்தன் ஏர் ஓட்டப் போனதும் அவளிடம் போனேன்.

"வலிக்குதா?"

"இல்லக்கா."

"அப்பறம் இன்னாத்துக்கு மகாராணி மாதிரி குந்திகினு கீற?"

நானே முடிச்சை அவிழ்த்தேன். வீக்கம் துளியும் இல்லை. முற்றத்தில் நாலு அடி நடந்தவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லாய்டுச்சிக்கா!" என்று குதித்தாள். நான் குடத்தைக் கொடுத்தேன்.

கிணற்றடிக் கல்லில் அதே பாதம் உள்ளே மடங்கியது. ஈரத்துணி கிழிவது போன்ற சத்தம் பின்னால் வந்த எனக்கே கேட்டது. குடம் உடைந்து சிதறியது.

மறுபடி பாய் வந்தார். ஒரு கையில் காலையும் மறு கையில் குதிகாலையும் பிடித்து அசைத்தார். பாதம் பிடிப்பில்லாமல் முன்னால் நழுவி வந்தது.

"முன்னால கீறது முழுசாப் பூடுச்சி. கீழ கீறதும் பூடுச்சி. இனிமே இந்தக் காலு எப்ப மடங்கும்னே சொல்ல முடியாது. நான் படிச்சிப் படிச்சிச் சொன்னேனே, இருபத்தோரு நாளுன்னு. யாரு அவுத்தது?"

கொழுந்தன் என்னைப் பார்த்தான். அவளும் என்னைப் பார்த்தாள். இருபத்தொரு நாள் என்பதை அவள் அப்போதுதான் முதல் தடவையாகக் கேட்டாள்.

"நான்தான் அவுத்தேன்" என்றாள். "அக்கா வாணாம் வாணாம்னுதான் சொல்லிச்சி. எனுக்கு அரிப்பு தாங்கல."

நியாயமாகப் பார்த்தால் நான் அவள் காலில் விழுந்திருக்க வேண்டும். மாவு குழைக்கிறேன் என்று அடுப்படிக்குப் போய்விட்டேன். அங்கே நின்று அழுதேன். அவள் காலுக்காக அழவில்லை. அவளிடத்தில் நான் இருந்திருந்தால் என்னைக் காட்டிக்கொடுத்திருப்பேன் என்று தெரிந்தது. அந்த மனசும் அவளுக்கே வாய்த்திருந்தது.