எதிர் வேட்பாளரின் வீட்டுக்காரர்

தேர்தல் வண்டியில் மைக் பிடிப்பவனுக்குத் தொண்டை இருக்க வேண்டும், கட்சி இருக்கக் கூடாது. வாயை வாடகைக்கு விட்டுப் பிழைக்கிற ஏலக்காரர்கள், பஸ் கண்டக்டர்கள், கோயில் திருவிழாவில் அறிவிப்புச் செய்பவர்கள் எல்லோருக்கும் நான் சொல்லப்போவது புரியும். மலையாள நாட்டு எல்லைக்குள் எருத்தேன்பதிப் பக்கம் ஒரு பழைய ஜீப்பும் நாலு குழாய் ஒலிபெருக்கியும் வைத்திருக்கிறேன். மலையாளத்தில் ஓட்டுக் கேட்க ஆட்கள் நிறைய உண்டு. எங்கள் ஊர்த் தமிழில் கேட்க நான்தான். மூன்று அணிக்கும் பேசியிருக்கிறேன். யார் முதலில் வந்து அச்சாரம் கொடுக்கிறாரோ, அந்த வார்டில் தேர்தல் முடியும்வரை அவருக்குத்தான் என் குரல். நடுவில் மாறுகிற பழக்கம் கிடையாது.

அந்த வருஷத்தை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். வாக்காளர் பட்டியலைத் திருத்துகிறோம் என்று பல மாநிலங்களில் வீடு வீடாக வந்துகொண்டிருந்தார்கள். தன் பேர் இருக்குமா, இருக்காதா என்று ஜனங்கள் பதறிக் கிடந்தார்கள். அதே சமயத்தில் எங்களுக்குப் பஞ்சாயத்துத் தேர்தலும் வந்தது. என் ஜீப் சத்தம் கேட்டாலே ஆதார் அட்டையோடு ஓடி வந்தவர்கள் உண்டு. அவர்களுக்காவது ஒரு பதற்றம்தான், எனக்கு ரெண்டு.

காரை விட்டு இறங்காத வேட்பாளர்

எங்கள் வார்டு அந்தத் தடவை பெண்களுக்குப் போய்விட்டது. அதுவரை மெம்பராக இருந்த கந்தசாமி, தன் மனைவி ரத்தினம்மாளை நிறுத்தப் போவதாகச் சொல்லி அச்சாரத்தோடு வந்தார். அந்த அம்மாள் காரிலேயே உட்கார்ந்திருந்தார். நான் எட்டிப் பார்த்துக் கும்பிட்டேன். அவரும் கும்பிட்டார். அவ்வளவுதான் எங்கள் பேச்சு.

"அம்மாவைப் பத்தி நாலு வரி சொன்னீங்கன்னா வண்டியில சொல்லலாமுங்க" என்றேன். கந்தசாமி தாடையைச் சொறிந்தார், காரைப் பார்த்தார், தென்னையைப் பார்த்தார். கல்யாணமாகிப் பேரன் எடுத்த மனுஷனுக்குப் பெண்டாட்டியைப் பற்றி ஒரு வரி வரவில்லை. நான் அசந்து போனேன். கடைசியில் சொன்னார்: "நிக்கறது அவதான் மணி. ஆனா வண்டியில எம்பேரை முன்னாடி சொல்லிப்போடு. அவளை ஊருக்குள்ள ஒருத்தருக்கும் தெரியாது."

பூண்டு வயலில் வந்த போன்

ரத்தினம்மாளுக்குப் பேச ஆரம்பிக்கும் முன் ஒரு சின்ன வேலைக்காக உடுமலை வழியாக மலையேறினேன். காந்தலூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட் வார்டு. வேட்பாளர் ஆரோக்கியமேரி, கொழுந்து பறிக்கிற தொழிலாளி. அந்தக் குளிரில் என் குரல் பாதிதான் வெளியே வந்தது. மீதிப் பாதியை அவர் சுக்குத் தண்ணீர் கொடுத்து இழுத்து வந்தார்.

பூண்டு வயலோரம் ஜீப்பை நிறுத்தியிருந்தபோது போன் அடித்தது. என் மனைவி செல்வி. "ஏனுங்க, நான் நாமினேசன் குடுத்துட்டு வந்துட்டனுங்க. ராத்திரிக்கு வந்துருவீங்களா, சோறு வெக்கட்டுமா?" என்றாள். கந்தசாமிக்கு எதிர் அணிக்காரர்கள் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். எப்போதும் ஜீப்பைக் கேட்டுத்தான் வருவார்கள். இந்தத் தடவை ஜீப் இல்லாத நேரத்தில் வந்து, அதே வார்டில் ரத்தினம்மாளுக்கு எதிராக நிற்க இவளைக் கேட்டிருக்கிறார்கள். இவளும் சரி என்று கிளம்பிவிட்டாள். "நீயா?" என்று நான் அலறினேன். மைக்கை அணைக்க மறந்திருந்ததால் அது எஸ்டேட் முழுக்கக் கேட்டது.

கொழுந்துக் கூடையோடு நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து ஆரோக்கியமேரி ஓடி வந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் சுக்குத் தண்ணீர் டம்ளரை என் கையில் திணித்துவிட்டுச் சொன்னார்: "குடிங்கண்ணே. நா நிக்கப்போறேன்னு சொன்ன அன்னைக்கு எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான் முழிச்சாரு. ரெண்டு நாள்ல சரியாப் போயிரும்."

ரசம் ஊற்றும்போது சொன்னது

ரெண்டு நாளில் சரியாகவில்லை. மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்து சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்து, "உனக்கெதுக்குடி இந்த வேலை?" என்று கேட்டேன். செல்வி கோபப்படவில்லை. "தண்ணி வண்டிக்காரனை இன்னும் எத்தனை நாளைக்குங்க கெஞ்சறது? கந்தசாமியண்ணன் தோப்பு வரைக்கும் வந்த குழாய் நம்ம வீதிப் பக்கம் திரும்ப மாட்டேங்குது. மெம்பரானா ஆபீசுக்குள்ள போய் உக்காந்து கேக்கலாமில்லீங்க" என்றாள். வண்டி வராத நாட்களில் குடத்தோடு கால்வாய் வரை நடப்பது அவள்தான், நானில்லை.

அச்சாரத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்றேன். உண்மையில் எனக்குப் பயம். பாதியில் விட்டுப் போகிறவன் என்று ஒரு தடவை பேர் வந்தால் அடுத்த தேர்தலில் யாரும் கூப்பிட மாட்டார்கள், பிழைப்பு போய்விடும். பேசினால் வீட்டில் என்ன ஆகும் என்றும் தெரியவில்லை. அவள் ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "வாங்கினது வாங்கினதுதானுங்க. நீங்க தாராளமாப் போய்ப் பேசுங்க. இத்தனை வருசத்துல நீங்க சொல்லி யாருங்க ஓட்டுப் போட்டிருக்காங்க?"

வாளையாரில் மாட்டியது

ஒலிபெருக்கி ஒன்று கரகரத்ததால் கோயம்புத்தூருக்குக் கொண்டு போனேன். வரும்போது கந்தசாமி அச்சடிக்கக் கொடுத்திருந்த போஸ்டர் கட்டை எடுத்து வந்தேன். அங்கேயே ஒரு அச்சகத்தில் செல்வியின் நோட்டீஸ் கட்டும் இருந்தது. அதையும் எடுத்து வாங்க என்று சொல்லியிருந்தாள்.

வாளையார் சோதனைச் சாவடியில் லாரிகளுக்கு நடுவே என் ஜீப்பைத் தேர்தல் பறக்கும் படை ஓரம் கட்டச் சொன்னது. மலையாளி அதிகாரி ஒருவர் ரெண்டு கட்டையும் பிரித்தார். இதில் ஒரு சின்னம், அதில் அதற்கு எதிர்ச் சின்னம். ரெண்டும் ஒரே வார்டு. எதற்கோ சதி நடக்கிறது என்றே அவர் முடிவு கட்டிவிட்டார். இது தொழில், இது பெண்டாட்டி என்று ரெண்டு கட்டையும் தொட்டுக் காட்டினேன். அவர் கட்டுகளைத் திருப்பிக் கட்டச் சொன்னார். "இதுக்கு சட்டத்துல ஒண்ணும் எழுதியிட்டில்ல சேட்டா. நீங்க வீட்டுக்குப் போறப்ப மட்டும் சூக்ஷிச்சு, பாத்து போங்க."

எதிரே வந்த வேட்பாளர்

குறுகலான வீதியில் ரெண்டு பிரச்சாரம் எதிரெதிரே வந்தால் வண்டிக்காரன் மைக்கை அணைத்து வழிவிட வேண்டும். இது எங்கள் தொழில் மரியாதை. எங்கள் வீதியிலேயே அது நடந்தது. நான் ரத்தினம்மாளின் பேரை நீட்டி முழக்கிக்கொண்டு திரும்பினேன். எதிரே செல்வி நாலு பெண்களோடு நடந்து வந்தாள். மைக்கை அணைத்தேன். அந்த நிசப்தத்தில் அவள் பாட்டுக்குத் தண்ணீரைப் பற்றிப் பேசினாள். கத்தவே இல்லை. வாசலுக்கு வாசல் வந்து நின்று கேட்டார்கள். நானும் கேட்டேன். என் வீட்டுக்குள் இத்தனை நாள் இப்படி ஒரு பேச்சு இருந்தது எனக்கே தெரியாது. திகைத்துப் போய் வண்டியை எடுக்கவும் மறந்துவிட்டேன். பக்கத்து சீட்டில் இருந்த கந்தசாமி என் தொடையில் தட்டினார்: "மைக்கைப் போடு மணி. காசு குடுத்த நானே அவ பேச்சைக் கேட்டுட்டு உக்காந்திருக்கேன்."

ஓட்டு எண்ணிய அன்று

செல்வி ஜெயித்துவிட்டாள். வீதியில் பட்டாசு வெடித்தது. நான் சந்தோஷப்படுவதா, ஒளிந்துகொள்வதா என்று தெரியாமல் ஜீப்புக்குப் பின்னால் நின்றேன். மலையிலிருந்து ஆரோக்கியமேரி போன் செய்து, தான் தோற்றுவிட்டதாகச் சொன்னார். இங்கே கந்தசாமி வந்து, கூட இருந்தே குழி பறித்துவிட்டேன் என்று நாலு பேர் முன்னால் திட்டினார். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஒரு வீதி விடாமல், ஒரு வேளை விடாமல், தொண்டை கட்டக் கட்ட ரத்தினம்மாளுக்குத்தான் கேட்டேன்.

அந்த நேரம் பார்த்து, மேற்கு வீதி மரகதம் லட்டோடு வந்தார். "தினமும் வந்து அத்தனை பாடுபட்டுக் கேட்டீங்க. உங்க முகத்துக்காகத்தானுங்க செல்வியக்காளுக்குப் போட்டோம்" என்றார். நான் கேட்டது ரத்தினம்மாளுக்கு என்றேன். கந்தசாமி பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். மரகதம் துளியும் அசரவில்லை: "அப்படீங்களா? அதெல்லாம் யாருங்க காது குடுத்துக் கேட்டா? உங்க சத்தம் வந்தா, செல்வியூட்டுக்காரர் வந்துட்டாருன்னு நினைச்சுக்கிட்டோம்."

சட்டசபைக்கு வந்த அச்சாரம்

மெம்பரானதும் செல்வி ஆபீசில் போய் உட்கார்ந்தே விட்டாள். எங்கள் வீதிக்குக் குழாய் கேட்டு மேல் ஆபீஸ்களுக்கு இன்னும் நடக்கிறாள். தண்ணீர் வண்டி மட்டும் இப்போது முறை வைத்து எல்லா வீதிக்கும் வருகிறது. அது வரும் நேரத்தை அறிவிப்பது நான். அதற்குக் கூலி கிடையாது. சட்டசபைத் தேர்தல் நெருங்கியபோது வருமானத்துக்கு வேறு வழி தெரியாமல் முழித்தேன். மெம்பர் வீட்டுக்காரர் சும்மாவே பேசட்டும் என்றது அவள் அணி. வீட்டிலேயே எதிர்க்கட்சி இருக்கிறது என்று ஒதுங்கியது மூன்றாவது அணி. கந்தசாமி அணியிடம் கேட்க எனக்கு முகமில்லை.

அவரே வந்தார். கையில் அச்சாரம், வழக்கத்தைவிடக் கூடுதல். மன்னித்துவிட்டார் என்று நினைத்து நெகிழ்ந்து போய், "இந்தத் தடவை உயிரைக் குடுத்துக் கேக்கறனுங்க, யாரு பேரைச் சொல்லோணும்?" என்றேன். கந்தசாமி அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்: "எங்காளு பேரை நீ மறந்தும் சொல்லிப்போடாதே மணி. மலையில ஒருத்தி, இங்க எம்பொண்டாட்டி, நீ கேட்ட ரெண்டும் தோத்துப்போச்சு. நீ போய் எதிர்க்கட்சிக்குப் பேசு, கூலி நான் குடுத்தர்றேன்."

ஊரே தன் பேர் பட்டியலில் உண்டா என்று தேடிய அந்த வருஷத்தில், நான் ஓட்டுக் கேட்காமல் விட்ட என் வீட்டு வேட்பாளர்தான் ஜெயித்தார், அவர் கையால்தான் எனக்கு இன்றும் மூன்று வேளைச் சாப்பாடு.