முன்னதாகச் சொன்ன சாட்சி

சுண்ணாம்பும் பச்சைத் தோலும் தேங்காய் எண்ணெயும் கலந்த ஒரு நாற்றம் உண்டு. ஆம்பூரில் எங்கள் தெருவில் வளர்ந்த எல்லாருக்கும் முதல் இரண்டும் பழக்கம்தான். தேங்காய் எண்ணெய் மட்டும் எங்கள் வீட்டுச் சேர்க்கை. பாஸ்டர் கைவைத்து ஜெபித்துக் கொடுத்த "ஜெப எண்ணெய்" அது. நான் ஐந்தாம் வகுப்பு படித்த அந்த மழைக்காலம் முழுக்க அம்மா அதை விரலில் தொட்டு அப்பாவின் மார்பில் தேய்த்துக்கொண்டே இருந்தார், அப்பா இருமிக்கொண்டே இருந்தார். எவ்வளவு சோப்பு போட்டுக் குளித்தாலும் தோல் பதனிடும் டேனரியின் வாடை அவர் உடம்பை விட்டுப் போகாது, அதன் மேல் எண்ணெய் வாசனை ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

அப்பாவுக்குச் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை. மயிர் கழல்வதற்காகத் தோலைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, புரட்டி, கனக்கக் கனக்க வெளியே இழுத்துப்போட வேண்டும். இருமலில் ரத்தம் வந்தபிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார். நெஞ்சில் புண் இருக்கிறது, மாத்திரையை நடுவில் நிறுத்தக்கூடாது, தொட்டிப் பக்கமே தலைகாட்டாமல் படுத்துக் கிடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். நல்லவேளையாக டேனரி மேஸ்திரி எங்கள் சபைக்காரர். அப்பா தேறி வரும்வரை அவர் இடத்தில் வேறு ஆளைப் போடக்கூடாது என்று முதலாளியிடம் பேசிவைத்திருந்தார். பக்கத்து வீட்டில் உருது பேசும் குடும்பம், அந்த அம்மாளைத் தெருவே "பாபி", அதாவது அண்ணி, என்றுதான் கூப்பிடும். அவர் ஆட்டுக்கால் சூப் வைக்கும் நாளெல்லாம் எங்களுக்கும் ஒரு தூக்கு வந்துவிடும். அம்மா ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் உட்கார்ந்து வீட்டை ஓட்டினார். அப்படியே இன்னும் கொஞ்ச காலம் ஓடியிருந்தால் அப்பா பிழைத்திருப்பார் என்பது என் கட்சி. எனக்கு மருத்துவம் தெரியாது; ஆனாலும் அதுதான் என் கட்சி.

எங்கள் சபையில் பாட்டுக்கும் பிரசங்கத்துக்கும் நடுவில் "சாட்சி நேரம்" என்று ஒன்று உண்டு. வேலை கிடைத்தது, காய்ச்சல் விட்டது, மகளுக்கு வரன் அமைந்தது என்று ஒவ்வொருவராக எழுந்து ஆண்டவர் செய்ததைச் சொல்வார்கள். இதில் எங்கள் ஆட்களுக்கே உரிய ஒரு வழக்கம், இன்னும் நடக்காததையும் நடந்துவிட்டதாகவே சொல்வது. பொய் என்று நினைத்துவிடாதீர்கள். கேட்டாயிற்று, ஆண்டவர் கொடுத்தாயிற்று, கைக்கு வந்துசேர வேண்டியதுதான் பாக்கி என்று "விசுவாசத்தில்" சொல்வது அது. சொன்னபிறகு சந்தேகமாக ஒரு வார்த்தை பேசிவிட்டால் வந்த சுகம் வந்த வழியே போய்விடும் என்பார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா எழுந்து நின்றார். முந்தைய நாள் முழுக்கப் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் உபவாசம் இருந்தவர். முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, "என் வீட்டுக்காரருக்கு ஆண்டவர் பூரண சுகம் குடுத்துட்டாரு, ஸ்தோத்திரம்" என்றார். சபையே "ஆமென்" என்று அதிர்ந்தது. நானும் கை வலிக்கத் தட்டினேன். அப்பா அப்போது வீட்டில், சுவரில் சாய்ந்தபடி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

மேஸ்திரி அதைச் செய்தியாகவே எடுத்துக்கொண்டார். அவர்மேல் எனக்குக் கோபம் உண்டு, ஆனால் கெட்ட மனுஷன் என்று சொல்ல வாய் வராது. ஒருவர் சாட்சி சொன்னால் அதைச் சந்தேகப்படுவதே பாவம் என்று நம்பியவர். மறுநாள் காலையில் கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து, முதலாளியிடம் சொல்லிவிட்டேன், ஆர்டர் ஜாஸ்தியாகக் கிடக்கிறது, நாளையே வந்துவிடுங்கள் ப்ரதர் என்று சந்தோஷமாகச் சொன்னார். நல்லாகிவிட்ட ஆளுக்கு இடத்தை எதற்குக் காலியாக வைத்திருப்பார்கள்? பாபியும் கேள்விப்பட்டு வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அல்லாவுக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார். அதோடு சூப் வருவது தானாக நின்றுபோனது.

இன்னும் சுகமாகவில்லை, விசுவாசத்தில் சொன்னேன் என்று அம்மா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மேஸ்திரிக்குப் புரிந்திருக்கும். ஆனால் அந்த ஒரு வார்த்தையே சந்தேகம் அல்லவா! அம்மா அடுப்படியில் வாயைத் திறக்காமல் நின்றார். மேஸ்திரி தெருமுனை திரும்பியபிறகுதான் அம்மா உடைந்தார்.

"போவாத. நான் போய்ச் சொல்லிட்டு வர்றேன்."

அப்பா லுங்கியை அவிழ்த்துக் கட்டிக்கொண்டே சொன்னார்: "இன்னா சொல்லுவ? சபைல சொன்னது பொய்யின்னா? நாலு பேர் முன்னாடி நீ தலைகுனிஞ்சி நிக்கறத என்னால பாக்க முடியாது. வுடு, ஆண்டவர் பாத்துப்பாரு."

அவர் அம்மாவிடம் ஆசையாக ஏதாவது பேசி நான் கேட்டதே இல்லை. அது ஒன்றுதான்.

அதன்பிறகு மாத்திரைகள் அரிசி டப்பாவுக்குப் பின்னால் போய்விட்டன, வருகிறவர்கள் கண்ணில் படக்கூடாது என்று. அவை தீர்ந்தபோது ஆஸ்பத்திரிக்குப் போக லீவு கேட்க வேண்டும். எதற்கு என்று கேட்டால் என்ன சொல்வது? அப்பா கேட்கவில்லை. கிறிஸ்துமஸுக்குச் சபையில் நட்சத்திரம் கட்டிக்கொண்டிருந்த வாரத்தில் தொட்டி ஓரமாகவே விழுந்தார். மேஸ்திரிதான் ஆட்டோவில் போட்டு, வழியெல்லாம் சத்தமாக ஜெபித்துக்கொண்டே, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். பண்டிகைக்கு முன்னாலேயே அப்பா போய்விட்டார்.

அடக்கத்தன்று, கல்லறைத் தோட்டத்தில் எனக்குப் பின்னால் நின்ற இரண்டு பெண்கள், அம்மாவுக்கு விசுவாசம் கம்மி என்று பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. அந்த முகங்கள் இன்றும் எனக்குத் தெரியும். பார்த்தால் பேசுவதில்லை.

அடுத்த ஞாயிறு அம்மா சபைக்குக் கிளம்பினார். நான் வரமாட்டேன் என்று அடம்பிடித்தேன். வேறெங்கே போவது என்று மட்டும் கேட்டு என் தலையை வாரிவிட்டார். சாட்சி நேரத்தில் அவர் எழுந்து நின்றார்.

"அன்னைக்கு இங்க நின்னு அவருக்குச் சுகமாயிடுச்சின்னு சொன்னேன். ஆகல. அப்பவும் இருமிக்கினுதான் இருந்தாரு."

அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டார். யாரும் ஆமென் சொல்லவில்லை. ஆண்கள் பக்கத்தில் மேஸ்திரி தரையில் குனிந்துகொண்டு குலுங்கினார். பாஸ்டர் சற்று நேரம் புத்தகத்தைப் புரட்டிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போனார்.

அந்த டேனரி இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம் நிற்கிறது. சபை பெரிதாகிவிட்டது, ஆராதனை நேரம் போதவில்லை என்று சாட்சி நேரத்தையே எடுத்துவிட்டார்கள். எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. அம்மா இன்றும் ஒரு ஞாயிறு தவறுவதில்லை. எனக்குப் பல வருஷம் அது எரிச்சலாகவே இருந்தது, இவ்வளவு ஆனபிறகும் அங்கே என்ன இருக்கிறது என்று.

போன வருஷம் எனக்கு வயிற்றில் ஒரு ஆபரேஷன். கட்டி எப்படிப்பட்டது என்று திறந்து பார்த்தால்தான் தெரியும் என்று சொல்லியிருந்தார்கள். உள்ளே தள்ளிக்கொண்டு போவதற்கு முன் அம்மா என் தலையில் கைவைத்தார். "ஆண்டவரே, இது உம்முடைய பிள்ளை" என்றார். நான் கண்ணை மூடிக் காத்திருந்தேன். அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது, அப்பா போனபிறகு அம்மா ஆண்டவரிடம் எதையுமே கேட்டு நான் கேட்டதில்லை.

எனக்குப் பயமாக இருந்தது. வெட்கத்தை விட்டு, "எனக்காகக் கேளும்மா" என்றேன்.

அம்மா கையை எடுக்கவில்லை. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. ஸ்ட்ரெச்சர் நகர்ந்தபோது கூடவே கதவு வரைக்கும் வந்தார்.