முப்பது வேலை நாட்களும் பதினான்கு பெண்களும்

"முழுமையான விண்ணப்பங்களுக்கு, அவை கிடைத்த நாளிலிருந்து முப்பது வேலை நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமாகப் பதில் அளிக்கப்படும்."

ஓர் அறவாரியத்தின் கல்வி உதவிப் பிரிவில், கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கும் வாக்குறுதி இது. இத்தகைய வாக்கியங்கள் எப்படிப் பிறக்கின்றன என்பது எனக்குத் தெரியும். ஜொகூர் பாருவில் ஓர் அரசு அலுவலகத்தில் முப்பத்தோர் ஆண்டுகள் இதே வேலையைத்தான் பார்த்தேன். எங்கள் சுவரில் இருபத்தொரு நாள் என்று இருந்தது. ஒரு ஹோட்டலில் இரண்டு நாள் பட்டறை வைத்து, ஐந்து முறை தேநீர் குடித்து அதை எழுதினோம். அதில் உயிர்நாடியான சொல் 'இருபத்தொன்று' அல்ல, 'முழுமையான' என்பதுதான். ஒரு கையெழுத்து குறைந்தால் விண்ணப்பம் முழுமையாகாது. முழுமையாகாவிட்டால் நாட்களை எண்ணத் தொடங்க வேண்டியதில்லை.

அதனால்தான் என் தங்கை மகளின் விண்ணப்பத்தை நானே தயார் செய்தேன். அவள் ஓர் அரசு மருத்துவமனையில் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், நோயிலோ விபத்திலோ முடங்கியவர்களை அன்றாட வேலைகளுக்கு மீண்டும் பழக்குபவள். ஒப்பந்த ஊழியர். கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழகம் அவளுக்கு முதுகலைப் படிப்பில் இடம் கொடுத்திருந்தது. நிரந்தர ஊழியராக இருந்திருந்தால் சம்பளத்தோடு படிப்பு விடுமுறை கேட்டிருக்கலாம். ஒப்பந்த ஊழியர் வேலையை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். தங்கை கணவனை இழந்தவள். பாசிர் கூடாங்கில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை, மாசாயில் மூன்றாவது மாடி அடுக்குவீடு. என் பணிக்கொடை என் மகனுடைய வீட்டின் முன்பணமாக உருமாறி வெகு நாளாயிற்று. வங்கிக் கடனுக்கு ஜாமீன் நிற்கலாம் என்று போனால், அறுபது வயதைத் தாண்டியவர் நிற்க முடியாது என்றார்கள். சரியான விதிதான். நானும் பலரை அதைச் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

ஆக, அறவாரியம் ஒன்றே வழி. மே மாதம் நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒவ்வொரு நகலிலும் உறுதிப்படுத்தல் முத்திரை, ஒவ்வொரு பிரிவுக்கும் வண்ணத் தாள், முதல் பக்கத்தில் உள்ளடக்கப் பட்டியல். கவுண்டரில் இருந்த பெண் புரட்டிப் பார்த்துவிட்டு, "அங்கிள், இவ்ளோ நீட்டா யாரும் குடுத்ததே இல்ல லா" என்றாள். பெற்றுக்கொண்டதற்கான ரசீதும் வாங்கிக்கொண்டேன். அன்று வீடு திரும்பும்போது எனக்கு என் மேலேயே கொஞ்சம் மரியாதை வந்திருந்தது.

முப்பது வேலை நாட்கள் முடிந்தன. பொது விடுமுறைகளைக் கழித்துத்தான் எண்ணினேன். தொலைபேசியில் கேட்டேன். "இன்னும் பரிசீலனையில இருக்கு சார்." இரண்டு வாரம் கழித்துக் கேட்டேன். பரிசீலனை தொடர்ந்தது. மின்னஞ்சல் அனுப்பினேன், உங்கள் மின்னஞ்சல் கிடைத்தது என்று ஓர் இயந்திரம் உடனே பதில் போட்டது. பரிசீலனையில் இருக்கிறது என்றால் என்ன பொருள் என்பது, அதை ஆயிரம் தடவை சொன்ன எனக்குத் தெரியும். கோப்பு யாருடைய மேசையில் இருக்கிறது என்பது பதில் சொல்பவருக்கும் தெரியாது.

ஒன்றை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். இவ்வளவு ஓடினேனே தவிர, அவள் படித்த படிப்பின் மேல் எனக்குப் பெரிய மதிப்பு இருந்ததில்லை. நோயாளிகளை மாவு பிசையச் சொல்வார்கள், துணி கிளிப்பை அழுத்தச் சொல்வார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். இதற்கு ஒரு பட்டம், அதன்மேல் இன்னொரு பட்டமா என்று அவளிடமே கேட்டிருக்கிறேன். "ஆமா மாமா, ஃபைல் அடுக்குறதுக்கே பென்ஷன் குடுக்குறாங்களே" என்றாள்.

ஜூலையில் ஒரு சனிக்கிழமை தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். தங்கையோடு ஒரே வரிசையில் வேலை செய்யும் ஒரு பெண் அங்கே இருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். மழையில் மோட்டார் சைக்கிளோடு சறுக்கி விழுந்து, வலது மணிக்கட்டு உடைந்து, தோளும் அடிபட்டிருந்தது. கட்டுப் பிரித்த பிறகும் கை மரக்கட்டையாக இருந்தது. வண்டி பழைய இரும்புக்குப் போய்விட்டது. மருத்துவமனைச் சிகிச்சை ஒரு பக்கம் நடந்தது. என் தங்கை மகள் லீவு நாட்களில் அவரை வீட்டிலும் பார்த்தாள்.

அவள் கையைத் தொடவேயில்லை. முதலில் ஒரு கேள்வி கேட்டாள். "அக்கா, இந்தக் கை இப்படி இருக்கிறதால எது உங்களுக்கு ரொம்ப வெறுப்பா இருக்கு?"

வேலை, சமையல் என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். அவரோ, "தலை பின்ன முடியல. காலைல அஞ்சு மணிக்குப் பக்கத்து வீட்டுக் கதவத் தட்டி, பின்னி விடுங்கன்னு நிக்கிறேன். கைக்குழந்த மாதிரி" என்றார்.

அவள் நாட்காட்டித் தாள் ஒன்றைக் கிழித்துப் பின்பக்கம் எழுத ஆரம்பித்தாள். முழங்கையை மேசையில் ஊன்றுவது, தலையை இடப்பக்கம் சாய்ப்பது, முடியை முன்னால் கொண்டுவருவது, மூன்றாகப் பிரிப்பது, கட்டை விரலால் ஒரு பிரியைப் பிடித்துவைப்பது என்று போய்க்கொண்டே இருந்தது. எண்ணிப் பார்த்தேன், பத்தொன்பது படிகள். எந்தப் படியில் கை நிற்கிறது என்று பார்த்து, ஏழாவதில் வட்டம் போட்டாள். பிறகு நாற்காலி முதுகில் மூன்று துணிக் கயிறுகளைக் கட்டி, அந்த ஏழாவது படியை மட்டும் அரை மணி நேரம் செய்ய வைத்தாள். வலித்த இடத்தில் நிறுத்தி, கயிற்றைத் தடிமனாக மாற்றினாள்.

நடைமுறைக் கையேடுகள் எழுதியே நரைத்தவன் நான். ஒரு விண்ணப்பம் பதினோரு மேசைகளைக் கடக்கும் பாதையை வரைபடமாகப் போட்டுப் பாராட்டுக் கடிதம் வாங்கியவன். ஒரு பெண் தன் தலையைத் தானே பின்னிக்கொள்ளப் பத்தொன்பது படிகள் ஏற வேண்டும் என்பதும், அவற்றில் எது உடைந்திருக்கிறது என்று பார்த்தே சொல்லும் ஒரு படிப்பு இருக்கிறது என்பதும் எனக்கு அறுபத்தாறு வயதில்தான் தெரிந்தது. அன்று தங்கை வைத்த தேநீர் ஆறிப்போயிற்று.

ஆகஸ்டு கடைசி. பதிவு நாளுக்குப் பத்து நாட்கள் இருந்தன. முதல் பருவக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அதற்குள் கட்டாவிட்டால் இடம் போய்விடும். அடுத்த வருடம் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். வேலையை விடுவதாக மருத்துவமனைக்கு அவள் ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருந்தாள். இடமும் போனால் அவளுக்கு இரண்டும் இல்லை.

அப்போதுதான் தங்கை சொன்னாள். "அண்ணே, ஞாயித்துக்கிழம எங்க கூட்டுக்காரங்க வீட்டுக்கு வராங்க. நீங்களும் வாங்க. பேச வேணாம், உக்காந்திருந்தா போதும்."

கூட்டு என்பது தமிழ்நாட்டார் சீட்டு என்று சொல்வது. பதினான்கு பெண்கள் மாதாமாதம் ஒரே தொகையைப் போடுவார்கள். மொத்தமும் ஒருவருக்குப் போகும். யாருக்கு எந்த மாதம் என்று ஆரம்பத்திலேயே குலுக்கிப் போட்டுவிடுவார்கள். இதை வியாபாரமாக நடத்தக் கூடாது என்று இந்த நாட்டில் ஒரு சட்டமே இருக்கிறது. தொழிற்சாலை வேனில் ஒன்றாகப் போகும் பெண்கள் செய்வது வியாபாரம் ஆகாது என்று எனக்கு நானே ஒரு குறிப்பு எழுதிக்கொண்டு போனேன்.

முன்னறையில் பதினான்கு பேர். மூன்று பேர் மலாய்க்காரப் பெண்கள். பேச்சு தமிழும் மலாயுமாகக் கலந்து ஓடியது. புதிய சுற்று அந்த வாரச் சம்பளத்தோடு தொடங்கவிருந்தது. தங்கைக்கு விழுந்திருந்தது பதினோராவது சீட்டு. முதல் சீட்டு, தலை பின்ன முடியாமல் இருந்த அதே பெண்ணுக்கு. புது மோட்டார் சைக்கிளுக்கு முன்பணமாக அதை வைத்திருந்தார்.

கூட்டை நடத்தும் அம்மா தரத்தைச் சோதிக்கும் பிரிவில் மேற்பார்வையாளர். சுற்றி வளைக்கவில்லை. "இவங்க மகளுக்குப் படிக்கப் பணம் வேணும். முதச் சீட்ட மாத்திக் கேக்குறாங்க. முதல்ல எடுக்குறவங்க பாதியில நிறுத்திட்டா எல்லாருக்கும் நட்டம். அதனால எல்லாரும் கேட்டுக்கணும். என்ன படிக்கப் போகுது பிள்ள?"

"ஓ.டி. ஆன்ட்டி" என்றாள் தங்கை மகள், ஆக்குபேஷனல் தெரபியைச் சுருக்கி.

மூலையில் இருந்து ஒருத்தி, "அதுக்கு எதுக்குக் கோலாலம்பூர்? நம்ம லைனுக்கு வரச் சொல்லு, தெனம் ரெண்டு மணி நேரம் ஓ.டி. இருக்கு" என்றாள். தொழிற்சாலையில் ஓ.டி. என்றால் ஓவர்டைம். அறை முழுக்கச் சிரித்தது. மலாய்க்காரப் பெண்களுக்கு மொழிபெயர்த்துச் சொன்னதும் இரண்டாவது முறையாகச் சிரித்தார்கள்.

பேச வேண்டாம் என்று சொல்லியும் நான் வாயைத் திறந்தேன். முத்திரைத் தாளில் ஓர் ஒப்பந்தம் எழுதித் தருவதாகச் சொன்னேன்.

"என்னத்துக்கு சார்?" என்றார் கூட்டு நடத்தும் அம்மா. "பணத்த எடுத்துட்டு இவங்க எங்க போவாங்க? நாளைக்குக் காலைல அஞ்சர மணி வேன்ல என் பக்கத்துலதான உக்காரணும்."

முதல் சீட்டுக்காரர் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். தங்கை மகளைப் பார்த்துக் கேட்டார். "படிச்சு முடிச்சிட்டு இங்க வருவியா? இல்ல, பாலத்தத் தாண்டிப் போயிருவியா?"

பாலத்தைத் தாண்டினால் சிங்கப்பூர். சம்பளம் மூன்று மடங்கு. ஜொகூரில் எல்லா வீட்டிலும் கேட்கப்படும் கேள்விதான். அரசாங்கப் பணமாக இருந்தால் அதற்கு ஒப்பந்தப் பத்திரம் இருக்கும், இத்தனை ஆண்டு உழைத்தாக வேண்டும் என்று இருக்கும். இங்கே எதுவும் இல்லை. 'வருவேன்' என்று சொல்லிவிடு என்று நான் மனதுக்குள் மன்றாடினேன். ஒரு சொல்தான்.

"தெரியலக்கா" என்றாள் அவள். "இங்க நிரந்தர வேல கெடச்சா இங்கதான். கெடைக்கலன்னா போக வேண்டி வரலாம். இப்போ வருவேன்னு சொன்னா அது சும்மா சொல்றதா இருக்கும்."

என் தங்கை தரையைப் பார்த்தாள். போயிற்று என்று நினைத்தேன். நேர்முகத் தேர்வில் இப்படிப் பதில் சொன்னவர்களுக்கு நான் எத்தனை மதிப்பெண் போட்டிருப்பேன் என்பது எனக்குத் தெரியும்.

அந்தப் பெண் வலது கையைத் தூக்கி, தலைக்குப் பின்னால் கொண்டுபோக முயன்றார். காதுக்குக் கொஞ்சம் மேலே நின்றுவிட்டது. "சிங்கப்பூர் போனாலும் சனி ஞாயிறு வீட்டுக்கு வரத்தான போற? வரும்போது இந்தத் தோளப் பாத்துட்டுப் போ. இன்னும் பின்னால போவ மாட்டேங்குது. நான் பதினொண்ணாவது எடுத்துக்கிறேன்."

"அப்போ மோட்டர்?" என்று யாரோ கேட்டார்கள்.

"வேன் இருக்குல்ல. அடுத்த வருசம் வாங்கிக்கலாம். எப்படியும் என்னை வண்டி ஓட்டாதன்னுதான் இவளே சொல்லிட்டு இருக்கா."

"தா ப்பா லா" என்றார் மலாய்க்காரப் பெண்களில் மூத்தவர், பரவாயில்லை என்று. மற்றவர்கள் தலையசைத்தார்கள். கூட்டு நடத்தும் அம்மா அதோடு விடவில்லை. அடுத்த பருவக் கட்டணம் எப்போது என்று கேட்டார். பிப்ரவரி என்றதும், பிப்ரவரிச் சீட்டு தன்னுடையது என்றும், அதையும் எடுத்துக்கொண்டு அடுத்த சுற்றில் தங்கைக்கு விழும் சீட்டைத் தனக்குத் தரட்டும் என்றும் சொன்னார். பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் கேட்க ஆரம்பித்தார்கள். அறையில் எத்தனை பேர், சோறு எங்கே, இரவு நூலகத்தில் இருந்து விடுதிக்கு எவ்வளவு தூரம் நடக்க வேண்டும், அங்கே மின்அடுப்பு வைக்க விடுவார்களா. முப்பத்தோர் ஆண்டுகளில் நாங்கள் தயாரித்த எந்தப் படிவத்திலும் இந்தக் கேள்விகளுக்கு இடம் இருந்ததில்லை. ஒருவர் தன் பழைய ரைஸ் குக்கரைத் தருவதாகச் சொன்னார். இன்னொருவர் அது அடி பிடிக்கும், என்னுடையது நல்லது என்றார். பணத்தைவிட ரைஸ் குக்கருக்குத்தான் அதிக விவாதம் நடந்தது.

நான் வந்ததிலிருந்து நாற்பது நிமிடங்கள் ஆகியிருந்தன. விண்ணப்பம், விசாரணை, நேர்முகம், முடிவு, மேல்முறையீடு எல்லாம் முடிந்து வடை வந்தது. முத்திரைத் தாள் எதுவும் கேட்காமல் எனக்கும் ஒன்று கொடுத்தார்கள்.

சம்பளத்துக்கு மறுநாள் கட்டணம் கட்டினோம். செப்டம்பரில் அவளைக் கோலாலம்பூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். மடியில் ரைஸ் குக்கர். தங்கை வார இறுதி ஷிப்டும் எடுத்தாள். ஒரு மாதம்கூடக் கூட்டுப் பணம் தவறவில்லை. பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை, கூட்டு நடத்தும் அம்மா சொன்னபடியே உறையைக் கொண்டுவந்து கொடுத்தார். இரண்டாம் பருவக் கட்டணத்தை அன்று மாலையே கட்டினோம்.

மறுநாள் என் வீட்டுத் தபால் பெட்டியில் அறவாரியத்தின் கடிதம் கிடந்தது. தடித்த நல்ல தாள். எங்கள் விண்ணப்பம் முழுமையாக இருந்ததாக முதல் பத்தியிலேயே பாராட்டியிருந்தார்கள். ஆனால் படிப்பைத் தொடங்காதவர்களுக்கு மட்டுமே உதவி வழங்கப்படும் என்றும், விண்ணப்பதாரர் ஏற்கெனவே பல்கலைக்கழகத்தில் பதிவு செய்துவிட்டதாகத் தெரிய வருவதால் கோரிக்கையை ஏற்க இயலவில்லை என்றும் வருத்தத்தோடு தெரிவித்திருந்தார்கள். பதினான்கு நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

தங்கைக்குத் தொலைபேசியில் படித்துக் காட்டினேன். பின்னால் வேனின் இரைச்சல் கேட்டது. வேலை முடிந்து திரும்பிக்கொண்டிருந்தாள். "பக்கத்துல கூட்டு அம்மா இருக்காங்க, கேக்கச் சொல்றாங்க" என்றாள். "மேல்முறையீடு போடப் போறீங்களா அண்ணே?"

இல்லை என்றேன். பேனாவை எடுத்து, அலுவலகத்தில் செய்வதுபோலவே, கடிதத்தின் வலது மேல் மூலையில் கிடைத்த தேதியைக் குறித்தேன். பிப்ரவரி பதினெட்டு, செவ்வாய்க்கிழமை.