பிரஷர் எனக்கா அவருக்கா

எனக்கு எழுபத்தெட்டு வயது. பெற்றது ஐந்து, செத்துப்போன தங்கச்சியின் மகளோடு வளர்த்தது ஆறு. ஆறும் நன்றாகத்தான் இருக்கின்றன. நான் படித்தது மூன்றாம் வகுப்பு. எழுத்து கோணலாக வந்தாலும் என் எழுத்து.

சாஆ என்ற ஊரில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர் என் வீட்டுக்காரர். இப்போது அவருக்கு மறதி நோய். என்னைத் தாதி என்று நினைத்து மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார். மரியாதையாகத்தான் கூப்பிடுகிறார், அதனால் நானும் திருத்துவதில்லை.

தொல்லை பிரஷர் பார்ப்பதில்தான். கையில் பட்டையைச் சுற்றிக் காற்று ஏறினதும், யாரோ கையை நெரிக்கிறார்கள் என்று பிய்த்தெறிவார். அந்தக் கோபத்தில் கிளினிக்கில் எப்போதும் எண் ஏறித்தான் நிற்கும். அடுத்த முறையும் இப்படியே இருந்தால் மாத்திரையைக் கூட்ட வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். இருக்கிற மாத்திரைக்கே எழுந்ததும் தள்ளாடுகிறார். விழுந்தால் நான் எப்படித் தூக்குவேன்?

வீட்டில் அமைதியாக உட்கார வைத்துப் பார்க்கச் சொன்னார்கள். மகன் மிஷின் வாங்கி வந்தான். ஒருநாள் யோசனை வந்து, பட்டையை என் கையில் முதலில் சுற்றினேன். அவர் எழுந்துவந்து என் தோளைத் தொட்டார்.

"பயப்படாதீங்க மிஸ்ஸி. சும்மா காத்துதான் லா."

எனக்குத் தைரியம் சொல்லியபடி சாதுவாகப் பக்கத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து அவர் கையில் மாற்றினேன். பிய்க்காமல் நீட்டினார். அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். என் எண்ணை யார் பார்த்தது? அவர் எண்தான் எனக்கு வேண்டும்.

கிளினிக்கிலும் எனக்கு முதலில் கட்டச் சொன்னேன். அங்கிருந்த நிஜ மிஸ்ஸி சிரித்துக்கொண்டே கட்டினார், அப்புறம் சிரிக்கவில்லை, இன்னொரு தடவை பார்த்தார். எனக்குத்தான் கூடுதலாம்! அவருக்கு நல்ல எண். மாத்திரை கூட்ட வேண்டாம் என்றார் டாக்டரம்மா. எனக்கு ஒன்று எழுதிக்கொண்டே, உப்பு அதிகம் சாப்பிடுவீர்களா என்று கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. என் வீட்டுக்காரர் திறந்தார்.

"என் பொஞ்சாதி சொன்னா கேக்க மாட்டா டாக்டர். கருவாடு இருந்தா இன்னொரு தட்டு சோறு போவும்."

என் பொஞ்சாதி என்றார். மருந்துச் சீட்டோடு சிரித்துக்கொண்டு வெளியே வந்தவள் அன்றைக்கு நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அந்தக் காலத்தில் லோரியில் ஏறும்போது அவர் ஆயிரம் முறை சொன்ன பேச்சுதான், ஆனாலும் காது குளிர்ந்துவிட்டது.

கண்ணு, இங்கே வா. பாட்டி எழுதினதை வாசி. தாத்தா டாக்டரிடம் சொன்ன இடத்தைச் சத்தமாக வாசி, அவருக்கும் கேட்கட்டும்.